யார்க்டவுனிலிருந்து வெள்ளவேடு வரை: காரன்வாலிஸின் வாழ்வும் நம் வகுப்பறைகளும்

எட்டாம் வகுப்புச் சமூக அறிவியலில் நிலையான நிலவரித் திட்டம் வருகிறது. 1793இல் வங்காளத்து நிலத்தை ஜமீன்தார்களிடம் ஒப்படைத்தவர் காரன்வாலிஸ் பிரபு என்று மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் ‘புரட்சிகளின் காலம்’ என்னும் பாடத்தில் அமெரிக்க விடுதலைப் போர் வருகிறது. 1781இல் யார்க்டவுனில் ஆங்கிலப் படை சரணடைந்ததோடு அந்தப் போர் ஏறத்தாழ முடிவுக்கு வந்தது. சரணடைந்த படையின் தளபதியும் இதே காரன்வாலிஸ்தான். ஆனால் ஒரு பாடம் இந்திய வரலாறு, மற்றது உலக வரலாறு. நடுவில் ஓராண்டு இடைவெளியும் ஒரு முழு ஆண்டுத் தேர்வும் இருப்பதால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் மாணவர் மிகச் சிலரே. ஒரு மதிப்பெண் வினாவுக்கு ஒரு பெயர், இன்னொரு வினாவுக்கு ஓர் ஆண்டு என்பதோடு அமெரிக்கா நகர்ந்துவிடுகிறது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பள்ளிகளில் அமெரிக்க வரலாற்றை இப்படிக் கடந்துபோவதற்கு ஒரு காரணமும் இல்லை. யார்க்டவுனில் தோற்ற மனிதர் பத்தாண்டுகளுக்குள் பூந்தமல்லியைத் தாண்டிய வெள்ளவேட்டில் முகாமிட்டிருந்தார். அவருடைய வாழ்க்கையைத் தொடக்கம் முதல் இறுதிவரை ஒருமுறை சொல்லிப் பார்த்தால், நம் பிள்ளைகளின் இரு பாடங்களும் ஒரே கதையாகிவிடுகின்றன. இரண்டிலும் விடுபட்டவர்கள் யார் என்பதும் தெரிந்துவிடுகிறது.

சார்லஸ் காரன்வாலிஸ் 1738 டிசம்பர் 31 அன்று இலண்டனில் பிறந்தார். தந்தை பிரபு, சிற்றப்பாக்களில் ஒருவர் பின்னாளில் இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பேராயரானவர். இன்னொரு சிற்றப்பா எட்வர்டு, கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரை நிறுவியவர்; மிக்மாக் பழங்குடியினரின் தலைத்தோலுக்கு விலை வைத்தவரும் அவரே. அவருடைய சிலையை அந்நகரம் 2018இல் அகற்றிவிட்டது. சார்லஸ் ஈட்டனிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தார், படையில் சேர்ந்தார், 1762இல் தந்தை இறந்தபின் பிரபுக்கள் அவையில் அமர்ந்தார். பிறப்பே பதவியைத் தந்த சமூகம் அது. நமக்கு அதைப் புரியவைக்க அதிக விளக்கம் தேவையில்லை.

ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அமெரிக்கக் குடியேற்றங்கள் மீது எந்தச் சட்டத்தையும் விதிக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்று ஆங்கிலேய நாடாளுமன்றம் 1766இல் சட்டம் இயற்றியபோது, பிரபுக்கள் அவையில் அதை எதிர்த்து வாக்களித்த ஐவரில் காரன்வாலிஸும் ஒருவர். குடியேறிகளின் குறை நியாயமானது என்று அவர் கருதியிருக்கிறார். பத்தாண்டுகள் கழித்து அரசர் அழைத்ததும் அதே குடியேறிகளை ஒடுக்கக் கப்பல் ஏறினார். மனச்சான்று ஒரு பக்கமும் பதவி ஒரு பக்கமும் இழுத்தபோது அவர் எந்தப் பக்கம் போனார் என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது.

1776 முதல் 1781 வரை அவர் போரிட்ட களங்களை வரிசையாகச் சொல்ல வேண்டியதில்லை. நமக்கு வேண்டியது கடைசி ஆண்டு. ஆங்கிலப் படைத்தலைமை 1779இல் ஓர் அறிவிப்பை வெளியிட்டிருந்தது. கிளர்ச்சி செய்யும் எசமானர்களிடமிருந்து தப்பி ஆங்கிலப் படையிடம் வந்துசேரும் அடிமைகளுக்குப் பாதுகாப்பு உண்டு என்பதே அதன் உள்ளடக்கம். அடிமை முறையை ஒழிக்கும் எண்ணம் அதில் இல்லை; எதிரியின் உழைப்பாளர்களைப் பறிப்பதுதான் நோக்கம். அரசருக்கு விசுவாசமான எசமானர்களின் அடிமைகளுக்கு அது பொருந்தவில்லை. ஆனாலும் கறுப்பின மக்கள் அந்தச் சிறு பிளவை விடுதலையின் வாசலாகக் கண்டார்கள். 1781இல் காரன்வாலிஸின் படை வர்ஜீனியாவுக்குள் நுழைந்தபோது ஆயிரக்கணக்கானோர் பண்ணைகளை விட்டு வெளியேறி அவர் படைக்குப் பின்னே நடந்தார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பெண்களும் வந்தார்கள்.

யாருடைய பண்ணைகளிலிருந்து வந்தார்கள் என்பதை வகுப்பறையில் கட்டாயம் சொல்ல வேண்டும். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர் என்ற விடுதலைப் பிரகடனத்தை எழுதிய ஜெபர்சனின் எல்க் ஹில் பண்ணையில் காரன்வாலிஸ் சில நாள்கள் தங்கினார். அவர் படையோடு ஜெபர்சனின் அடிமைகள் பலரும் போய்விட்டதாக ஜெபர்சனே பின்னர் எழுதினார். அதே ஆண்டு ஏப்ரலில் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னான் பண்ணையிலிருந்து பதினேழு பேர் ஓர் ஆங்கிலக் கப்பலில் ஏறித் தப்பியிருந்தார்கள். விடுதலைப் போர் என்று நாம் படிக்கும் போருக்குள் இன்னொரு விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. அதன் போராளிகள் பெரும்பாலும் பெயரற்றவர்கள்.

யார்க்டவுனில் காரன்வாலிஸ் அரண் அமைத்தபோது மண் வெட்டியவர்கள் இந்த மக்கள்தான். கோடை வெயிலில் அகழி தோண்டினார்கள், சுவர் எழுப்பினார்கள். பெரியம்மை அவர்களிடையே பரவியது. வாஷிங்டனின் படையும் பிரெஞ்சுப் படையும் ஊரைச் சுற்றி வளைத்து உணவு குறைந்தபோது, கறுப்பின மக்களை அரணுக்கு வெளியே துரத்துமாறு கட்டளை பிறந்தது. நோயுற்றவர்களும் பட்டினி கிடந்தவர்களும் இரு படைகளுக்கும் இடைப்பட்ட காட்டில் விடப்பட்டார்கள். ஆங்கிலேயருக்காகக் கூலிக்குப் போரிட்ட எவால்ட் என்னும் ஜெர்மானிய அதிகாரி, வேலை வாங்கிக்கொண்டு எசமானர்களிடமே அவர்களை விரட்டும்படியான நிலைக்கு வெட்கப்பட்டுத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அந்த வெட்கம் தளபதியிடம் இருந்ததற்கான தடயம் இல்லை.

1781 அக்டோபர் 19 அன்று படை சரணடைந்தது. உடல்நலமில்லை என்று சொல்லிக் காரன்வாலிஸ் வரவில்லை. வாளை ஒப்படைக்கத் துணைத்தளபதி போனார். சரணடைவு ஒப்பந்தத்தில் ஒரு விதி, ஆங்கிலப் படையிடம் உள்ள அமெரிக்கர்களின் சொத்தை உரிமையாளர் திரும்பக் கோரலாம் என்றது. சொத்து என்ற அந்தச் சொல்லுக்குள் மனிதர்களும் அடக்கம். வாஷிங்டன் தம் பண்ணையிலிருந்து தப்பியவர்களில் சிலரை அங்கேயே மீட்டுக்கொண்டார். இதே களத்தில் வாஷிங்டனின் பக்கம் ரோட் ஐலண்டு படைப்பிரிவில் கறுப்பின வீரர்கள் நின்றிருந்தார்கள். ஜேம்ஸ் என்ற அடிமை, காரன்வாலிஸின் முகாமில் வேலையாளாக இருந்துகொண்டே அமெரிக்கத் தரப்புக்கு ஒற்றராகச் செயல்பட்டார். அவருடைய உளவு விடுதலைப் போருக்கு உதவியது. ஆனால் அவருடைய சொந்த விடுதலைக்கு, மனுப்போட்டுக் காத்திருந்து, 1787 வரை அவர் அடிமையாகவே இருக்க வேண்டியிருந்தது.

காரன்வாலிஸுக்கு வேறு வழி இருந்ததா என்று ஒரு மாணவர் கேட்கக்கூடும். கேட்க வேண்டும். 1783இல் நியூயார்க்கைக் காலிசெய்த ஆங்கிலத் தளபதி கார்ல்டன், தம்மிடம் அடைக்கலம் புகுந்த கறுப்பின மக்களைத் திருப்பித் தர மறுத்தார். வாஷிங்டன் நேரில் கேட்டும் மறுத்தார். ஏறத்தாழ 3,000 பேரின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதி நோவா ஸ்கோஷியாவுக்குக் கப்பலேற்றினார். மவுண்ட் வெர்னானிலிருந்து தப்பிய ஹாரி வாஷிங்டன் அவர்களில் ஒருவர். ஆகவே வேறு வழி இருந்தது. முற்றுகையில் சிக்கியவரின் நிலை வேறு என்று வாதிடலாம். அந்த வாதத்தையும் வகுப்பறையில் நடத்தட்டும்.

தோல்வி காரன்வாலிஸின் வாழ்வைக் கெடுக்கவில்லை. பிரபுவின் தோல்வி வேறு, எளியவரின் தோல்வி வேறு. 1786இல் அவர் இந்தியாவின் தலைமை ஆளுநரானார். தலைமைத் தளபதிப் பொறுப்பும் சேர்த்தே வழங்கப்பட்டது. அவர் நேர்மையானவர் என்பதில் ஐயமில்லை. கம்பெனி அதிகாரிகள் இலஞ்சத்திலும் சொந்த வணிகத்திலும் புரண்டுகொண்டிருந்தபோது அவர் சம்பளத்தை உயர்த்தி, சொந்த வணிகத்தைத் தடுத்து, நிர்வாகத்தை ஒழுங்குபடுத்தினார். குடிமைப் பணியின் தந்தை என்று போட்டித் தேர்வு வழிகாட்டிகள் அவரைச் சொல்வது இதனால்தான். அந்தப் பணியின் உயர்படிகளில் இந்தியர் ஏற முடியாதபடி கதவை அடைத்தவரும் அவரே. கைசுத்தமான ஒருவரே அநீதியான அமைப்பை மிக உறுதியாகக் கட்டிவிட முடியும் என்பதற்கு அவரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு நமக்குக் கிடைக்கவில்லை.

1789இல் அவர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். வங்காளத்திலிருந்து குழந்தைகளையும் பெரியவர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றி விற்பது குற்றம் என்றது அது. இந்தியாவில் அடிமை வணிகத்திற்கு எதிரான தொடக்க நடவடிக்கைகளில் ஒன்றாக அதைக் குறிப்பிடுவது சரியே. ஆனால் கடல் தாண்டி விற்பதுதான் தடைசெய்யப்பட்டது. ஊருக்குள்ளே, வயலிலே, நிலத்தோடு சேர்த்துக் கைமாறிய அடிமைகளை அந்த ஆணை தொடவில்லை. ஆங்கிலப் பேரரசில் அடிமை முறையை ஒழித்த 1833ஆம் ஆண்டுச் சட்டமும் கம்பெனி ஆட்சிப் பகுதிகளுக்கு விலக்கு அளித்தது. 1843இல்தான் அடிமை உரிமையைச் சட்டம் ஏற்காது என்று இங்கே அறிவிக்கப்பட்டது. இந்த ஆண்டுகளை அமெரிக்காவின் 1865க்குப் பக்கத்தில் கரும்பலகையில் எழுதிப் போட்டாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

இனி வெள்ளவேடு. திப்பு சுல்தானுடனான மூன்றாம் மைசூர்ப் போர் 1790இல் தொடங்கியது. மதராஸ் படையின் போக்கு மனநிறைவு தராததால் காரன்வாலிஸ் தாமே கல்கத்தாவிலிருந்து கப்பலில் வந்து டிசம்பரில் சென்னையில் இறங்கினார். சென்னைக்கு மேற்கே பதினெட்டு மைல் தொலைவில், ஆங்கிலேயர் தம் ஏடுகளில் வெள்ளவுட் என்று எழுதிய வெள்ளவேட்டில், 1791 சனவரி 29 அன்று படைத்தலைமையை ஏற்றார். பிப்ரவரித் தொடக்கத்தில் அங்கிருந்து வேலூர் நோக்கிப் புறப்பட்டார். இன்று பூந்தமல்லியிலிருந்து திருவள்ளூர் போகும் பேருந்தில் திருமழிசையைக் கடந்ததும் வருகிற ஊர் அது. அமெரிக்க விடுதலைப் போரின் தோற்ற தளபதி நின்ற மண் என்று அந்தப் பேருந்தில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளிடம் யாரேனும் சொன்னார்களா?

அந்தப் படை எப்படிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். செஞ்சட்டை வெள்ளையர் அதில் ஒரு சிறு பகுதி. சிப்பாய்கள், பீரங்கி இழுக்கும் காளைகள், காளையோட்டிகள், புல்லறுப்போர், டோலி தூக்குவோர், பாதை வெட்டுவோர், சமையல்காரர் என்று நகரும் ஓர் ஊர் அது. கம்பெனியின் மதராஸ் படையில் பறையர்கள் பெருமளவில் சேர்ந்திருந்தார்கள். பண்ணையைவிட்டு வெளியேற வழி கிடைத்தவர்களுக்குக் கம்பெனிச் சீருடை ஒரு வாசல். வர்ஜீனியாவில் செஞ்சட்டைப் படைக்குப் பின்னே நடந்தவர்களையும் இவர்களையும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. அங்கே சந்தையில் விலை போன அடிமை. இங்கே பிறப்போடு ஒட்டிய தீண்டாமையும் பண்ணையடிமை முறையும். ஆயினும் எசமானனின் பகைவன் வந்தால் அதில் தனக்கொரு பிளவு திறக்குமா என்று பார்க்கும் கண் இரு இடங்களிலும் ஒன்றுதான்.

வெள்ளவேட்டைச் சுற்றியிருந்த நிலம் செங்கல்பட்டு சாகீரைச் சேர்ந்தது. 1763 முதல் அது கம்பெனியின் கையில் இருந்தது. பூந்தமல்லியும் அம்பத்தூரும் பிற்காலத்தில் அந்த மாவட்டத்தின் சைதாப்பேட்டை வட்டத்திற்குள் வந்தன. இங்கே நிலவுரிமை மிராசுதார்களிடம் இருந்தது. பெரும்பாலும் வேளாளரும் பார்ப்பனரும். விளைநிலம் மட்டுமல்ல, தரிசும் தமக்கே என்றார்கள். சேரி இருந்த மனையும் அவர்களுடையது. உழைத்த பறையர் பண்ணையாள், படியாள் என்று பெயர் பெற்று, தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டிருந்தார். 1810களின் இறுதியில் வருவாய் வாரியம் மாவட்டங்களில் விசாரித்தபோது, நிலத்தோடு ஆள் கைமாறும் வழக்கம் தமிழ் மாவட்டங்களில் இருப்பதை அதிகாரிகள் எழுதி அனுப்பினார்கள். ஒழிக்க அவசரப்படவில்லை. வரி வந்துகொண்டிருந்தது.

போர் காரன்வாலிஸுக்கு எளிதாக இருக்கவில்லை. 1791 மார்ச்சில் பெங்களூரைப் பிடித்தார். மே மாதத்தில் திப்புவின் தலைநகரை நெருங்கியும் காளைகள் தீவனமின்றி மடிந்ததால் பெரும் பீரங்கிகளை உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். மறு ஆண்டு சீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டுத் திப்புவின் நாட்டில் பாதியையும் மூன்று கோடியே முப்பது இலட்சம் ரூபாயையும் கேட்டு, இரண்டு மகன்களைப் பிணையாகப் பெற்றார். பாராமகாலும் திண்டுக்கல்லும் கம்பெனிக்கு வந்தது அப்போதுதான். யார்க்டவுனின் கறை கழுவப்பட்டதாக இலண்டன் மகிழ்ந்தது.

1793 மார்ச்சில் நிலையான நிலவரித் திட்டம் அறிவிக்கப்பட்டது. வசூலில் பதினொன்றில் பத்துப் பங்கு அரசுக்கு, மீதி ஜமீன்தாருக்கு. என்றைக்கும் உயராத வரி. இங்கிலாந்தின் பண்ணைப் பிரபுவைப் போல இங்கும் ஒரு வகுப்பு உருவாகி நிலத்தை மேம்படுத்தும் என்று அவர் நம்பினார். தம் வர்க்கத்தைத் தவிர வேறெதையும் நம்பக் கற்றிராதவரின் நம்பிக்கை அது. வரி கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்று பாடநூல் விரிவாகச் சொல்கிறது. உழுபவர் யார் என்ற வினாவுக்குப் பெரும்பாலும் உழவர் என்ற பொதுச்சொல்லோடு நின்றுவிடுகிறது. நிலமற்றவர் அந்தச் சொல்லுக்குள் மறைந்துபோகிறார்.

அவர் நாடு திரும்பிய பின்னும் அத்திட்டம் தெற்கே வந்தது. 1802ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டப்படி செங்கல்பட்டுச் சீமையும் சிறு ஜமீன்களாகப் பிரிக்கப்பட்டது. அவற்றில் பல சில ஆண்டுகளிலேயே வரி கட்ட முடியாமல் முறிந்தன. அரசு நேரடி வசூலுக்குத் திரும்பியது. முறை மாறியபோதெல்லாம் மாறாதது ஒன்று உண்டு: சேரிக்கு நிலமில்லை. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, 1891இல், செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் பறையர்களின் நிலைகுறித்து ஓர் அறிக்கை எழுதினார். தரிசு நிலத்திற்கு விண்ணப்பித்தால் மிராசுதாருக்கே முன்னுரிமை, குடியிருக்கும் மனையிலிருந்தும் வெளியேற்றும் மிரட்டல், கல்வியின்மை என்று அவர் கண்டவற்றை அடுக்கினார். அதன் விளைவாக 1892இல் வந்த ஆணைதான் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் வழங்க வழி செய்தது. அதைத்தான் இன்று பஞ்சமி நிலம் என்கிறோம்.

காரன்வாலிஸின் எஞ்சிய வாழ்வு சுருக்கமானது. 1798இல் அயர்லாந்துக்கு அனுப்பப்பட்டு அங்கு எழுந்த கிளர்ச்சியை ஒடுக்கினார். 1805 சூலையில் மீண்டும் தலைமை ஆளுநராக வந்தார்; வயது அறுபத்தாறு. வடக்கே பயணம் போகும் வழியில் அக்டோபர் 5 அன்று காசிப்பூரில் இறந்தார். கல்லறை அங்கேயே இருக்கிறது.

சென்னையிலும் அவர் இருக்கிறார். தாமஸ் பேங்க்ஸ் செதுக்கி 1800இல் வந்துசேர்ந்த அவருடைய பளிங்குச் சிலை இன்று புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பீடத்தில் திப்புவின் சிறுவர்கள் பிணையாக ஒப்படைக்கப்படும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. தேனாம்பேட்டையின் செனடாப் சாலைக்கு அப்பெயர் வந்ததும் அவருக்கு எழுப்பிய நினைவுச்சின்னத்தால்தான். ஆவடியில் மின்தொடர் வண்டி ஏறினால் கோட்டை நிறுத்தத்திற்கு ஒரு மணி நேரப் பயணம். பள்ளிச் சுற்றுலா என்றால் பொழுதுபோக்குப் பூங்கா என்றாகிவிட்ட காலத்தில் இந்தப் பயணத்திற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

அமெரிக்க வரலாறு நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நம் முன்னோர் முன்பே விடை சொல்லிவிட்டார்கள். பூலே 1873இல் வெளியிட்ட குலாம்கிரி நூலை, அடிமைகளை விடுவிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1913 முதல் 1916 வரை கொலம்பியாவில் படித்த அம்பேத்கர், அடிமை முறையையும் தீண்டாமையையும் ஒப்பிட்டு விரிவாக எழுதினார். 1946இல் டூபாய்ஸுக்குக் கடிதமும் எழுதினார். அவர்கள் படித்த அமெரிக்காவில் வாஷிங்டனும் ஜெபர்சனும் மட்டும் இருக்கவில்லை. தேயிலை கொட்டிய பாஸ்டன் துறைமுகத்தோடும் பிரகடனத்தோடும் நின்றுவிடும் பாடம் ஆண்டைகளின் அமெரிக்காவை மட்டுமே நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறது. அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் படியாட்களின் கொள்ளுப்பேரர்கள் என்பதை எண்ணிப் பார்க்கும்போது இது வெறும் பாடத்திட்டக் குறையாக நமக்குத் தோன்றவில்லை.

பாடநூல் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர் யார்க்டவுனைச் சொல்லும் நாளில் வெள்ளவேட்டையும் சொல்லலாம். செயல்திட்டம் தர வேண்டுமென்றால் பாஸ்டன் தேநீர் விருந்தின் படத்தை ஒட்டிவரச் சொல்வதைவிடப் பயனுள்ள ஒன்று உண்டு. தம் வருவாய்க் கிராமத்தில் 1892ஆம் ஆண்டு ஆணையின்கீழ் வழங்கப்பட்ட பஞ்சமி நிலம் எத்தனை ஏக்கர், அது இன்று யார் பெயரில் இருக்கிறது என்று மாணவர்கள் விசாரித்து எழுதட்டும். வட்டாட்சியர் அலுவலகத்திற்கு மனு எழுதும் வேலையை அந்த ஊரின் கல்லூரி மாணவர்கள் எடுத்துக்கொள்ளலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுவில் பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும்.